ஒரு விரற்கடை இடமும் குறையாமல்

என் மகள் காரில் பாடுகிறாள் என்று முதன்முதலில் என்னிடம் சொன்னவள் பகவதி. சமாதானபுரத்துக்கு அப்பால் ஒரு பங்க்கில் பெட்ரோல் போடுகிறவள். என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவள். ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது என்பது கடைசிவரை பிடிபடாமலே போனவள். ரேஷன் கடை வரிசையில் என்னைப் பார்த்துவிட்டு, "டீச்சர், உங்க மக கார்ல என்னமா பாடுதாங்க! நான் குழாயப் புடிச்சிட்டு அப்படியே நின்னுட்டேன்" என்றாள்.

"யாருடைய மகளைச் சொல்கிறாய்?" என்றேன்.

"உங்க மகதான் டீச்சர். அங்கயற்கண்ணி அக்கா."

என் மகளுக்குப் பிறவியிலேயே காது கேளாது, அம்மா.

நீங்கள் சற்று முன்பு இந்தக் கடைக்காரரிடம், காருக்கு டிக்கியில் இடம் போகாமல் சப்வூஃபர், அதுதான் அந்த அதிர்கிற பாட்டுப் பெட்டி, வைக்க முடியுமா என்று கேட்டீர்கள் அல்லவா? பையன் ஆசைப்படுகிறான் என்றீர்கள். காதில் விழுந்தது. கேட்காதவர்களுக்கு அறிவுரை சொல்லும் பழக்கம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை. ஆனாலும் இதே கேள்வியை இதே பெஞ்சில் உட்கார்ந்து நானும் கேட்டேன். உங்கள் வண்டிக்கு முன்னால் இன்னும் இரண்டு வண்டிகள் நிற்கின்றன. நகர்ந்து உட்காருங்கள், சொல்கிறேன்.

என் மகளுக்குப் பேச வரும். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊமை என்று அவளை யாரும் சொல்ல நான் விட்டதில்லை. மூன்று வயதிலிருந்து கண்ணாடி முன் உட்காரவைத்து நானே பழக்கினேன். மெழுகுவர்த்தியை ஏற்றி வாய்க்கு நேரே பிடிப்பேன். 'ப' சொன்னால் சுடர் அசைய வேண்டும்; 'ம' சொன்னால் அசையக் கூடாது. மற்றப் பிள்ளைகள் தெருவில் பாண்டி ஆடிய நேரமெல்லாம் நாங்கள் கண்ணாடி முன்தான் இருந்தோம். எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவாள். கடைக்குப் போனால் தனக்கு வேண்டியதைத் தானே கேட்டு வாங்குவாள். ழகரம் ஒன்றுதான் மக்கர் செய்தது. நாக்கு மடிகிற இடம் வெளியே தெரியாத எழுத்து அது, கண்ணாடியில் அகப்படாது. அதற்கென்று ஒரு சொல்வரிசை வைத்திருந்தோம். மழை, தழை, கழை, விழை, நுழை. தினமும். முழுமையாக வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். வந்துகொண்டிருந்தது.

வந்துகொண்டிருந்த வேளையில் மருமகன் வந்தார். பெயர் பேச்சிமுத்து. பெயரில் இருக்கிற பேச்சோடு சரி. அவருக்கும் காது கேளாது, வாய்ப்பழக்கமும் கிடையாது. எல்லாம் கைதான். சீருடை தைக்கும் பட்டறையில் துணி வெட்டுகிறவராக இருந்தார். கத்திரியைக் கீழே வைத்தால்தான் அவரால் ஒரு வார்த்தை பேச முடியும். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அதோ பாருங்கள், வெளியே காரின் கதவைத் துடைத்துக்கொண்டு நிற்கிறாரே, நீலச் சட்டை, அவர்தான். பக்கத்தில் நிற்பவள் என் மகள். இந்தப் பக்கம் திரும்ப மாட்டாள்.

அவர் வந்த பிறகு இவள் வாயை மூடிக்கொண்டு கையைத் திறந்துவிட்டாள். வெளியில் எங்கும் குரல் கொடுப்பதில்லை. கடையில் சாமானை விரலால் காட்டி வாங்குகிறாள். என்னிடம் மட்டும் வாயால் பேசுவாள். சுருக்கமாகத்தான். ஒரு சொல், மிஞ்சினால் இரண்டு சொல்.

நீங்கள் அந்தக் கைப்பேச்சைக் கற்றுக்கொள்ளவில்லையா என்றுதானே கேட்க வருகிறீர்கள்? எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். அந்தக் காலத்தில் டாக்டரே சொன்னார், கையைப் பழக்கினால் நாக்கு சோம்பிவிடும் என்று. நான் கையை ஆட்டத் தொடங்கினால் அவள் பேசுவதற்கு இந்த உலகத்தில் ஆளே இல்லாமல் போய்விடும். ஆகவே நான் பிடிவாதமாகப் பேசினேன். அவளும் பதில் சொன்னாள். இதில் யாருக்கு என்ன நட்டம்?

இருவரும் தங்களுக்குள் என்னைக் குறிப்பிட ஓர் அடையாளம் வைத்திருக்கிறார்கள். இரண்டு விரலால் உதட்டில் இரண்டு தட்டு. நாவன்மை உள்ளவள் என்று பொருள்போலும். அவள் குழந்தையாக இருந்தபோது, பிழையாகச் சொன்னால் நான் அப்படித்தான் அவள் உதட்டில் தட்டி, திரும்பச் சொல்லவைப்பேன். அதிலிருந்து எடுத்திருக்கலாம். மரியாதை தெரிந்த பிள்ளைகள்.

சரி, காருக்கு வருகிறேன். இருவரும் சேர்ந்து சொந்தமாகச் சீருடைத் தொழில் தொடங்கினார்கள். பள்ளிக்கூடங்களில் ஆர்டர் பேசி வாங்கித்தருபவள் நான். இந்த வட்டாரத்தில் நான் போனால் இன்னும் நாற்காலி போடுகிறார்கள். ஒரு பழைய கார் வாங்கினோம். மே மாதம் பிறந்துவிட்டால் பின்கலம் கொள்ளாத அளவு கட்டுகள் ஏறும். பாவாடை, காற்சட்டை, சட்டை என்று அளவுவாரியாகக் கட்டி அடுக்க வேண்டும். பள்ளி திறப்பதற்குள் கொண்டுபோய்ச் சேர்க்காவிட்டால் அடுத்த ஆண்டு அந்தப் பள்ளி நம்முடையது இல்லை.

பின்கலமா? டிக்கிதான் அம்மா. நான் பின்கலம் என்பேன்.

மருமகன் முறைப்படி லைசென்ஸ் வாங்கியவர்தான். ஆனாலும் பின்னால் லாரி ஹாரன் அடித்தால் யார் கேட்பது? நான்தான். முன்னிருக்கையில் அமர்ந்துகொள்வேன். ஹாரன் கேட்டதும் அவர் முழங்கையில் தட்டுவேன். இடப்பக்கம் ஒதுங்க ஒரு தட்டு, வலப்பக்கம் ஒதுங்க இரண்டு தட்டு. அந்த முறையை வகுத்தவளும் நான்தான். மகள் பின்னால் இருப்பாள். நான் திரும்பி அவளோடு பேசிக்கொண்டே வருவேன். வழியில் பார்ப்பதை எல்லாம் பெயர் சொல்லச் சொல்வேன். நேரம் வீணாகக் கூடாது பாருங்கள். திரும்பி உட்கார்ந்தால் முன்னால் வருவது எப்படித் தெரியும் என்று ஒருவர் கேட்டார். எனக்கு வேலை காதில்தான், கண்ணில் இல்லை என்றேன்.

இப்படிக் குறையில்லாமல் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒருநாள் மகள் வந்து நின்றாள். "அம்மா, பெட்டி வேணும்" என்றாள்.

"வேண்டும் என்று சொல். என்ன பெட்டி?"

"வேண்டும். பாட்டுப் பெட்டி. காருக்கு."

இரண்டு பேருக்கும் காது கேளாது, அம்மா! பாட்டுப் பெட்டி எதற்கு? ஏதோ கல்யாண வீட்டில் பெரிய ஒலிபெருக்கிப் பெட்டியின் பக்கத்தில் இருவரும் நின்றிருக்கிறார்கள். அன்றிலிருந்து இந்தப் பித்து. அவள் நெஞ்சில் உள்ளங்கையை வைத்துத் தட்டித் தட்டிக் காட்டி, "இங்க கேக்கும்" என்றாள். நெஞ்சில் எங்கேயாவது கேட்குமா? செவியின் வேலையைச் செவிதான் செய்ய வேண்டும். மருமகன்தான் ஆசை காட்டியிருக்கிறார் என்று நினைத்தேன்.

நேரடியாக மறுப்பது எனக்குப் பிடிக்காது. நிபந்தனை விதிப்பது வேறு. "பின்கலத்தில் ஒரு விரற்கடை இடமும் குறையக் கூடாது. குறையாமல் வைக்க முடியுமானால் வைத்துக்கொள்ளுங்கள்" என்றேன். முடியாது என்று எனக்குத் தெரியும். நான் பார்த்த பெட்டியெல்லாம் அரிசி மூட்டை அளவு இருந்தன.

மூவரும் இங்கே வந்தோம். கடைக்காரர் உதுமான், அதோ கல்லாவுக்குப் பக்கத்தில் வயர் சுற்றிக்கொண்டு நிற்கிறாரே, அவரேதான் கேட்டார்: "டீச்சரம்மா, டிக்கியில வச்சிருவமா?"

"பின்கலத்தில் வைக்கக் கூடாது."

"எதுல?"

"பின்கலத்தில்."

"அது எந்தக் கம்பெனி வண்டிம்மா?"

டிக்கி என்று அந்தச் சொல்லை நானும் சொல்லித் தொலைக்க வேண்டியதாயிற்று. அவர் தலையைச் சொறிந்தார். "அப்ப ஸ்டெப்னிக் குழிக்குள்ள இறக்கிருவோம். மேல பலகையப் போட்டு மூடிட்டா ஒண்ணுமே தெரியாது. இடமும் போவாது."

"ஸ்டெப்னி டயர் எங்கே போகும்?"

"அது வீட்டுல கெடக்கட்டும்."

"நடுவழியில் டயர் வெடித்தால் வீட்டுக்கு ஓடிவந்து எடுப்பதா?"

"எதுக்கு ஓடணும்? ஆட்டோ புடிச்சு வாங்கம்மா" என்கிறார். என் மகள் அவர் உதட்டைப் படித்துவிட்டுச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

பிறகுதான் உள்ளே போய் ஒன்றை எடுத்துவந்தார். சப்பையான பெட்டி. பரீட்சை அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல இருந்தது. "இது சீட்டுக்கு அடியில போற ஐட்டம். ஆளு சப்பைன்னு நெனைக்காதீங்க. குத்து நெஞ்சுல விழும்" என்றார். பின்னிருக்கைக்குக் கீழே பெட்ரோல் டேங்க் இருக்கிறதாம். டிரைவர் இருக்கைக்குக் கீழே வயர்கள் போகின்றனவாம். முன்னால், இடப்பக்க இருக்கைக்கு அடியில்தான் தோதான இடமாம். அங்கே குடை வைக்கிற ஒரு தட்டு உண்டு. அதைக் கழற்றிவிட்டால் அச்சாகப் பொருந்துமாம்.

நான் வீட்டிலிருந்து அளவு நாடா கொண்டுபோயிருந்தேன். பெட்டி வைப்பதற்கு முன்பும் பின்பும் பின்கலத்தை அளந்தேன். நீளம், அகலம், உயரம் எதிலும் மாற்றம் இல்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தாலும் நியாயம் நியாயம்தானே? "இடம் எங்கும் குறையவில்லை" என்று நானே எல்லார் முன்னிலையிலும் அறிவித்தேன்.

அந்த இடப்பக்க இருக்கை நான் அமர்கிற இருக்கை என்பது அப்போது உறைக்கவில்லை. கவனமெல்லாம் பின்கலத்தில் இருந்தது.

கிளம்பினோம். மருமகன் எதையோ திருகினார். அம்மா, கீழேயிருந்து ஒரு மாடு முட்டியது போல இருந்தது! பல்லெல்லாம் ஆடியது. ஆர்டர் பை மடியில் துள்ளுகிறது. "நிறுத்துங்கள்!" என்று கத்தினேன். யாருக்குக் கேட்கும்? அவர் முழங்கையில் ஒரு தட்டுத் தட்டினேன். ஒரு தட்டு அல்லவா, மனிதர் அமைதியாக இடப்பக்கம் ஒதுங்கிப் போய்க்கொண்டே இருக்கிறார்.

மகளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் என் இருக்கையின் முதுகில் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்துக்கொண்டு, கண்ணை மூடியிருந்தாள். "என்ன செய்கிறாய்?" என்றேன். கண் மூடியிருப்பவளிடம் என்ன கேட்டு என்ன?

வீட்டு வாசலில் இறங்கும்போது அவள் சொன்னாள்: "நாளைக்கு, அம்மா பின்னாடி."

அவ்வளவுதான். என் இடம் போயிற்று. டிக்கியில் ஒரு விரற்கடைகூடப் போகவில்லை, நான் போனேன்.

பின்னிருக்கையிலிருந்து என்ன தெரியும் என்கிறீர்கள்? இரண்டு பின்னந்தலைகள். நடுவில் இரண்டு கைகள். அவர் ஒரு கையால் ஓட்டுகிறார், ஒரு கையால் பேசுகிறார். இவள் இரண்டு கையாலும் பேசுகிறாள். அவ்வளவு பேச்சு! என்னிடம் ஒரு சொல்லுக்குமேல் சொல்லாதவளுக்கு அவ்வளவு பேச்சு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. நான் பேசினால் அவள் உதட்டைப் பார்க்க வேண்டும். அவளோ முன்னால் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். ஒரு முதுகிடம் என்ன பேசுவது? தோளில் தட்டினால் திரும்பி, "அப்புறம்" என்பாள். மறுபடி முதுகு.

என் ஹாரன் வேலையும் நடக்கவில்லை. அகலமான கண்ணாடி ஒன்று வாங்கி மாட்டியிருந்தார்கள். ஹாரன் கேட்டு நான் எக்கி அவர் தோளைத் தொடுவதற்குள் அவர் ஏற்கெனவே ஒதுங்கியிருப்பார். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். கண்ணாடியைப் பார்த்து ஒதுங்குகிறாரா, முன்பும் அப்படித்தான் ஒதுங்கினாரா என்று ஒரு சந்தேகம். அதை நான் ஆராயவில்லை.

பிறகு "அம்மா, வெயில்" என்று சொல்லி என்னை வீட்டில் விட்டுவிட்டுப் போகத் தொடங்கினார்கள். நல்ல மே மாத வெயில்தான், மறுக்கவில்லை. அனுப்பிய கட்டுகள் அத்தனையும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஒரு பள்ளியிலிருந்தும் புகார் வரவில்லை. ஆர்டரை எப்படிப் பேசினார்கள் என்று கேட்டேன். செல்போனில் எழுதிக் காட்டினார்களாம். சந்திப்பிழையோடு எழுதியிருப்பார்கள்.

அப்போதுதான் பகவதி அதைச் சொன்னாள்.

நான் அன்று இரவு... வேண்டாம், தூங்கவில்லை என்று சொன்னால் பெரிதுபடுத்துவதாக இருக்கும். அந்தக் குரலுக்காக நான் எத்தனை மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறேன்! அதைப் பெட்ரோல் போடுகிறவள் கேட்கிறாள், நான் கேட்கவில்லை. இது முறையா? மறுநாள் சேரன்மகாதேவிக்குக் கட்டுகள் போகவேண்டியிருந்தது. "நானும் வருகிறேன். அந்தத் தலைமையாசிரியை எனக்கு வேண்டியவர்" என்று சொல்லி ஏறிக்கொண்டேன். பின்னால்தான் உட்கார்ந்தேன். தூங்குவதுபோலச் சாய்ந்துகொண்டேன்.

ஊரைத் தாண்டி, இருபுறமும் வயல் வந்ததும் அவர் பெட்டியைத் திருகினார். ஒரு கையை மூடி, மெல்ல விரித்துக் காட்டினார். அதைப் பார்த்துவிட்டு அவள் இருக்கையின் இரண்டு பக்கங்களையும் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் தலை மட்டும் ஆடியது. பிறகு குரல் வந்தது.

எப்படிச் சொல்வேன்! பெரிய குரல், அம்மா. எனக்கு அது அவ்வளவு பெரியது என்று தெரியாது. பெட்டியில் ஓடிய பாட்டுக்கும் அவள் பாடியதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் ஒவ்வோர் அடிக்கும் ஒரு சொல், பிசகாமல் விழுகிறது. என்ன சொல் என்று உற்றுக் கேட்டேன். மளை. தளை. களை. விளை. நுளை. எங்கள் சொல்வரிசை! கண்ணாடி முன்னால் நான் சொல்லிக்கொடுத்த அதே வரிசை. அதைத்தான் பாட்டாகப் பாடிக்கொண்டு போகிறாள். மளை, தளை, களை. மருமகன் ஸ்டியரிங்கில் தாளம் போடுகிறார்.

அத்தனையும் ளகரம். ஒன்றுகூட ழகரம் இல்லை.

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்கள். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? இவ்வளவு நன்றாக வருகிற குரல், ஓர் எழுத்தால் கெடலாமா? களை என்றால் பயிரை நெரிப்பது. கழை என்றால் கரும்பு. நான் எக்கி அவள் தோளில் தட்டினேன். திரும்பினாள். முகமெல்லாம் சிவந்து, வேர்த்து, அப்படி ஒரு முகம். வாயைத் திறந்து நாக்கை மடித்துக் காட்டி, "ழ" என்றேன். தெளிவாகத்தான் சொன்னேன். "மழை. சொல்."

அவள் என் வாயையே பார்த்தாள். பிறகு கையை நீட்டிப் பெட்டியை அணைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து பாட்டு இல்லை. பாட்டு போகட்டும். என்னிடம் பேசுவதுமில்லை. சோறு வேண்டுமா என்றால் தலையசைப்பு. எங்கே போகிறாய் என்றால் விரல் காட்டுகிறாள். அந்த ஒரு சொல், இரண்டு சொல்கூட இல்லை. மூன்று வாரமாக என் வீட்டில் பேசுகிறவள் நான் ஒருத்திதான். உதட்டைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டால் நான் இருக்கிறேனா இல்லையா என்பதே அவளுக்குத் தெரியாது அல்லவா? இப்படியே விட்டால் நாக்கு கட்டிப்போகும். அவள் வாயை ஒரேயடியாக மூடிவிட்டால் அப்புறம் யார் திறப்பது? எனக்கும் வயதாகிறது.

யோசித்துப் பார்த்தேன். பெட்டி வந்ததும் பாடினாள், இப்போது பாடவில்லை. ஆகவே பெட்டி பழுது. இதற்கு வேறு விளக்கம் இருக்க முடியாது. அதுதான் இன்று இருவரையும் கட்டாயப்படுத்தி இங்கே அழைத்துவந்திருக்கிறேன். வரமாட்டேன் என்று அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மருமகன்தான் சமாதானம் செய்து ஏற்றினார்.

இருங்கள். உதுமான் என்னைப் பார்த்துக் கையைக் காட்டுகிறார். பெட்டியைச் சோதித்துப் பார்த்துவிட்டார்போலும். இந்தப் பையைச் சற்றுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வந்துவிட்டேன். தண்ணீர் இருக்கிறதா? கொடுங்கள்.

பெட்டிக்கு ஒன்றும் இல்லையாம். "நீங்களே உக்காந்து பாருங்க டீச்சரம்மா" என்றார். முன்னிருக்கையில் உட்கார்ந்தேன். திருகினார். அதே மாடு. பல்லெல்லாம் ஆடியது.

"ஓடுதா?"

"ஓடுகிறது."

"அப்ப என்ன கம்ப்ளெய்ன்டு?"

"என் மகள் பாடவில்லை" என்றேன்.

"எம்மா, நான் பெட்டிக்குத்தான் வாரன்டி கொடுத்தேன். ஒங்க மகளுக்குக் கொடுக்கலியே!" என்கிறார். வேலை செய்யும் பையன்களெல்லாம் சிரிக்கிறார்கள்.

மகள் காரின் கதவோரம் நின்றாள். என் வாயைப் பார்க்கவில்லை; என் மடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பேசி என்ன பயன்? கை மட்டும்தான் அவள் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருந்தது. சரி என்று கையைத் தூக்கினேன். பாடு என்று மருமகன் அன்று சொன்னாரே, கையை மூடி மெல்ல விரித்து, அதைச் செய்தேன். பின்னாலிருந்து நன்றாகப் பார்த்துவைத்திருந்தேன். இதில் என்ன கடினம்? வாய்க்கு நேரே பிடித்துச் செய்தேன். பாட்டு வாயிலிருந்துதானே வருகிறது?

மருமகன் கண்ணை அகல விரித்துக்கொண்டு ஓடினார். ஓடிப்போய் ஒரு பாலித்தீன் கவர் எடுத்துவந்து என் முகத்துக்கு நேரே பிடிக்கிறார். அவர்கள் பேச்சில் அது வாந்தியாம், அம்மா! வாய்க்கு நேரே விரித்தால் வாந்தி.

என் மகள் சிரித்தாள். சத்தமாகச் சிரித்தாள். நீங்கள் இங்கிருந்தே கேட்டிருப்பீர்களே, கடையே திரும்பிப் பார்த்தது. சிரித்துக்கொண்டே குனிந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். வாயருகிலிருந்து இறக்கி நெஞ்சருகே கொண்டுவந்து வைத்தாள். என் முகத்தைப் பார்த்தாள். "பிளை" என்றாள்.

பிழை என்று சொல்ல வந்திருக்கிறாள். நான் கொடுத்த சொல்தான். தப்பு என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை. ளகரத்தில் சொன்னாள். அப்பட்டமான ளகரம். என் வாய் திறந்ததுதான். ஆனால் பெட்டி அந்த அதிர்வு அதிர்ந்துகொண்டிருக்கும்போது நாக்கை எங்கே மடிப்பது? மூடிக்கொண்டேன். கையை நெஞ்சிலேயே வைத்து, விரல்களை இன்னொரு தடவை விரித்துக் காட்டினேன். அவள் தலையை அசைத்து, என் கட்டைவிரலைப் பிடித்துச் சற்று வெளியே இழுத்துச் சரிசெய்தாள்.

பாடினாளா என்கிறீர்களா? இல்லை. பாடவில்லை. அதோ, அவர் காரைத் திருப்புகிறார். அவள் முன்னால்தான் ஏறுகிறாள். நான் பின்னால் போய் உட்கார வேண்டும்.

மூன்று வாரத்துக்கு வந்துசேர்ந்தது ஒரு சொல், அம்மா. அதுவும் பிழையோடு. பெற்றுக்கொண்டேன்.